கொலுப்படியில் ஒரு துருக்கி மாப்பிள்ளை

போன வாரம் மாண்ட்ரியலில், வில்லரேப் பக்கம் ஒரு யாழ்ப்பாணத்தார் கடையில் கசகசா வாங்கினேன். நானாக வாங்கினேன் என்று நினைத்துவிடாதீர்கள். மனைவி சொன்னாள், வாங்கினேன். கடைக்குப் போகிற விஷயத்தில் எனக்கென்று சொந்தக் கருத்து இருந்து பல காலம் ஆகிறது. பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ போட்டிருந்தது. மூக்குக்கண்ணாடி வீட்டில். கல்லாவில் இருந்த பெண்ணிடம் இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன்.

"துருக்கியில இருந்து வாறது ஐயா. நல்ல சாமான். இந்தியாச் சாமான்தான் வேணுமெண்டால் பேந்து வாங்கோ, வியாழக்கிழமை வரும்."

"வேண்டாம்மா, துருக்கியே போதும்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கசகசா பாக்கெட்டைப் பார்த்துச் சிரிக்கிற கிழவன் அவள் கடைக்கு அதற்கு முன் வந்திருக்க மாட்டான்.

பச்சைக் கசகசாவுக்கு வாசனை என்று ஒன்றும் கிடையாது. வெறும் வாணலியில் போட்டு வறுக்கும்போதுதான் லேசாக எண்ணெய் விட்டுக்கொண்டு, பாலும் நிலக்கடலையும் கலந்த மாதிரி ஒரு வாசனை எழும். அன்று மாலை அது பியர்பொன்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்தபோது பேப்பரை மடித்து வைத்துவிட்டு நெவ்சாத்தை நினைத்துக்கொண்டேன். அந்த வாசனைக்குக் கண்ணீர் விட்ட ஒரே மனிதன் எனக்குத் தெரிந்து அவன்தான்.

நெவ்சாத் துருக்கிக்காரன். 1968 குளிர்காலத்தில் நான் மாண்ட்ரியலில் வந்து இறங்கி, கோட்டுக்குள் கோட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்குச் சேர்ந்த இடத்தில் அடுத்த மேசைக்காரன். அது ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனம். பாலத்துக்கும் அணைக்கும் கம்பிக் கணக்குப் போடுகிற வேலை. எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்ததற்குக் காரணம், இரண்டு பேரும் ஒரே பக்கத்து ஆட்கள் என்று மேலாளர் நினைத்ததுதான். சென்னைக்கும் இஸ்தான்புல்லுக்கும் நடுவே எத்தனை நாடுகள் கிடக்கின்றன என்பது பற்றி அவருக்குக் கவலை இல்லை. முதல் நாள் மதியம் நெவ்சாத் தன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே என்னிடம் கேட்டான்: "உங்க நாட்டுல ராணுவம் எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை வரும்?"

வராது என்றேன்.

"அப்போ அரசாங்கத்தை யார் திருத்துவாங்க?" என்று உண்மையான கவலையோடு கேட்டான்.

இதை அவன் ஆங்கிலத்தில் கேட்டான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஆளுக்கொரு விதமாக உடைந்த ஆங்கிலம். அதை இங்கே தமிழாக்கித் தருகிறேன். உண்மையில் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

என்னை அவன் 'தோஸ்த்' என்று கூப்பிட்டான். மெட்ராஸ் ரிக்‌ஷாக்காரர்கள் தவிர வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கேட்ட மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று.

1970 அக்டோபரில் இந்த ஊரில் தனிநாடு கேட்டவர்கள் ஓர் அமைச்சரையும் ஒரு வெளிநாட்டுத் தூதரக அதிகாரியையும் கடத்திக்கொண்டு போக, தெருவில் ராணுவம் நின்றது உங்களுக்கு நினைவிருக்கலாம். எனக்கு அப்போதுதான் கல்யாணமாகி மனைவி வந்திருந்தாள். "இந்த ஊரு அமைதியான ஊருன்னுதானே எங்கப்பாகிட்ட சொன்னீங்க" என்று ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள். நகரமே வெளிறிப் போயிருந்தது. நெவ்சாத் மட்டும் சொந்த ஊருக்குப் போய் வந்தவன் மாதிரி மலர்ந்த முகத்தோடு ஆபீசுக்கு வந்தான். மதியம் என்னைத் தெருமுனைக்கு அழைத்துப்போய், துப்பாக்கியோடு நின்ற கனேடியச் சிப்பாய்களைக் காட்டி, விஷயம் தெரிந்தவனாகத் தலையை ஆட்டினான். "பச்சைப் பசங்க. இன்னும் ரேடியோ ஸ்டேஷனைப் பிடிக்கலை பாரு. முதல்ல ரேடியோ, அப்புறம்தான் மத்ததெல்லாம்."

அடுத்த வருஷம் மார்ச்சில் அவன் நாட்டு ஜெனரல்கள் ஒரு காகிதத்தில் நான்கு வரி எழுதி அனுப்ப, பிரதமர் தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு குண்டு கூட வெடிக்கவில்லை. இதில் நெவ்சாத்துக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் பெருமை. அந்த வருஷக் கடைசியில் வங்கதேசத்துக்காக இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டை போட்டபோது துருக்கி பாகிஸ்தான் பக்கம் நின்றது. "எங்க அரசாங்கம் அவங்க பக்கம். நான் உன் பக்கம்" என்றான். பிறகு நியாயமாக ஒரு நிபந்தனையும் சேர்த்தான்: "உன் வீட்டுல குருமா கிடைக்கிற வரைக்கும்."

குருமா விஷயம் இதுதான். அவன் பிறந்தது அஃப்யோன் என்ற ஊர். ஊரின் பெயருக்கே அபின் என்றுதான் அர்த்தம். சுற்றிலும் கசகசாச் செடி. அவன் அப்பா பயிரிட்டது அதைத்தான். விதையை ரொட்டியில் தூவுவார்கள், அரைத்துத் தின்பார்கள், எண்ணெய் எடுப்பார்கள், பிண்ணாக்கை மாட்டுக்குப் போடுவார்கள். காயைக் கீறி வருகிற பாலைச் சர்க்காரிடம் கொடுப்பார்கள். அது எல்லாம் சர்க்காரிடம்தான் போயிற்றா என்று நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. ஜெனரல்கள் வந்த சூட்டோடு, அமெரிக்கா சொன்னதால், இனி யாரும் கசகசா போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. "நியூயார்க்குல ஒருத்தன் கையில ஊசி போட்டுக்கிறான். அதுக்கு எங்கப்பா ரொட்டியில தூவுறதை நிறுத்தணுமாம்" என்று ஆபீஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான். அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டோம். மனைவி கசகசா அரைத்து விட்ட குருமா. ஒரு வாய் வைத்தான். தட்டை வைத்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தான். காரம் அதிகமாகிவிட்டதோ என்று மனைவி தயிர் எடுக்க ஓடினாள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் நெவ்சாத் வருவான். கல்யாணமாகாதவன், போக்கிடம் வேறு ஏது.

ஸ்தாவ்ரோஸை எங்களுக்குப் பிடித்துக் கொடுத்ததும் அவன்தான். அப்போது இந்தியக் கடை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கத்தரிக்காயும் வெண்டைக்காயும் கொத்தமல்லியும் வேண்டுமென்றால் கிரேக்கர்களிடம்தான் போக வேண்டும். வில்லரேயில், ஜாரி தெருவுக்குப் பக்கத்தில் ஸ்தாவ்ரோஸின் கடை இருந்தது. நெவ்சாத் முதல் தடவை உள்ளே நுழைந்தபோது கடைக்காரர் காலில் ஒரு தக்காளி டப்பா விழுந்திருக்கிறது. அவர் திட்டியது சுத்தமான இஸ்தான்புல் துருக்கியில். நெவ்சாத் அங்கேயே ஓர் ஆலிவ் பீப்பாயின் மேல் உட்கார்ந்துவிட்டான். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தான்.

கிரேக்கர் எப்படித் துருக்கி பேசுவார் என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். ஸ்தாவ்ரோஸ் பிறந்து வளர்ந்தது இஸ்தான்புல்லில். அப்பா, தாத்தா எல்லோரும் அங்கேதான். ஆனால் கையில் இருந்தது கிரேக்க நாட்டுப் பாஸ்போர்ட். சைப்ரஸ் தீவில் கிரேக்கர்களும் துருக்கியர்களும் அடித்துக்கொண்டதற்காக, 1964இல் துருக்கி அரசு இவரைப் போன்றவர்களை ஒரு பெட்டியோடு ஊரைவிட்டு அனுப்பிவிட்டது. அந்தத் தீவை அவர் வரைபடத்தில்தான் பார்த்திருந்தார். ஏதென்ஸுக்குப் போனால் அங்கே 'துருக்கி விதை' என்று கேலி செய்தார்கள். துருக்கி மொழியில் கனவு காண்பவர், கிரேக்கத்தில் யோசித்து யோசித்துப் பேசுவார். அங்கே தெஸ்பீனாவைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்துவிட்டார். தெஸ்பீனா தெற்குக் கிரேக்கத்து மலைக்கிராமத்துப் பெண். துருக்கியில் ஒரு சொல் தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. கணவர் வாயில் அந்த மொழி வந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாராம்.

ஆக ஸ்தாவ்ரோஸுக்கு இந்தக் கண்டத்திலேயே தன் மொழியில் பேச நெவ்சாத் ஒருவன்தான். சனிக்கிழமை மாலை கடைக்குப் பின்னால் இருவரும் தாவ்லா ஆடுவார்கள். நம் தாயக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஓர் ஆட்டம், பகடை உருட்டிக் காய் நகர்த்துவது. ஆறும் ஆறும் விழுந்தால் ஸ்தாவ்ரோஸ் கூரை அதிரச் சத்தம் போடுவார். ஆட்டத்துக்கு நடுவே ஏதென்ஸிலும் ராணுவ ஆட்சி, அங்காராவிலும் ராணுவத்தின் கைவரிசை என்பதால், ஆளுக்கு ஆள் தன் நாட்டு ஜெனரல்தான் பெரிய முட்டாள் என்று போட்டி போடுவார்கள். இந்தியாவில் முட்டாள் ஜெனரல்கள் இல்லாததால் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நான் ஆலிவ் தின்றுகொண்டிருப்பேன்.

பிறகு 1974 வந்தது. அந்த வருஷம் மே மாதம் என் முறை. கனடா கொடுத்த அணு உலையை வைத்து இந்தியா குண்டு வெடித்துவிட்டது என்று பேப்பர்கள் எல்லாம் கொதித்தன. ஆபீசில் என் டிபன் பாக்ஸைக்கூடச் சந்தேகமாகப் பார்த்தார்கள். "கவலைப்படாதே தோஸ்த். உலகத்துக்கு ஒரு நேரத்துல ஒருத்தன் மேலதான் கோபப்பட முடியும். அடுத்த ஆள் வருவான்" என்று நெவ்சாத் தோளில் தட்டினான். அந்த அடுத்த ஆள் அவனே என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

ஜூலை முதல் தேதி துருக்கியின் புதிய அரசு கசகசாத் தடையை நீக்கியது. நெவ்சாத் ஆபீசிலேயே இரண்டு சுற்று ஆடினான். மனைவி கசகசாப் பாயசம் செய்தாள். அந்தப் பாயசத்தின் ருசி நாக்கைவிட்டுப் போவதற்குள், மூன்றே வாரத்தில், சைப்ரஸில் ஏதென்ஸ் ஜெனரல்கள் ஆட்சியைக் கவிழ்க்க, அதைச் சாக்காக வைத்துத் துருக்கிப் படை கடல் வழியாகத் தீவில் வந்து இறங்கியது. இரண்டு நாடும் ஒரே கூட்டணியின் உறுப்பினர்கள். ஒரே கடையில் துப்பாக்கி வாங்கியவர்கள்.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனேன். கல்லாவின் மேல் அகதிகளுக்காக ஓர் உண்டியல். அதைக் கொண்டுவந்து வைத்த ஆள், "அந்தத் துருக்கிக்காரன் இன்னும் இங்கே வருகிறானா" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். வாடிக்கையாளர்கள் முக்கால்வாசி கிரேக்கர்கள். அவர்கள் படியேறவில்லை என்றால் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். ஸ்தாவ்ரோஸ் என்னைப் பின்பக்கம் அழைத்துப் போனார்.

"உன் நாடு எப்பவும் சைப்ரஸ் பக்கம். அதனால நீ வரலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அவனை மட்டும் கொஞ்ச நாள் வர வேண்டாம்னு சொல்லிடு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் அப்போ யார்கிட்ட பேசுவேன்?" என்றார்.

இந்தியன் என்ற முறையில், நடுநிலை என்று சொல்லிக்கொண்டு இரண்டு பக்கமும் தின்கிற வேலையை ஏற்றுக்கொண்டேன். நெவ்சாத்துக்கு வெள்ளைப் பாலாடைக்கட்டியும் ஆலிவும் நான்தான் வாங்கிப் போனேன். பொட்டலத்தில் எடை எப்போதும் கூடுதலாகவே இருந்தது. நின்றுபோன ஆட்டத்தையும் என் தலையில் கட்டினார்கள். சனிக்கிழமை ஸ்தாவ்ரோஸ் ஆலிவ் பீப்பாய்களுக்குப் பின்னால் என் முன்னிலையில் பகடையை உருட்டிக் காய் நகர்த்துவார். திங்கட்கிழமை ஆபீசில் நெவ்சாத் மேசை இழுப்பறைக்குள் உருட்டுவான். ஐக்கிய நாடுகள் சபை அந்தத் தீவில் என்ன வேலை பார்த்ததோ, அதே வேலையை அதே திறமையோடு நான் பார்த்தேன். இரண்டு தரப்பும் என்னைச் சந்தேகித்தன. "ஆறு ஆறு விழுந்துதா? நீ கண்ணால பார்த்தியா?" என்று நெவ்சாத் மிரட்டுவான். ஆனால் பகடைச் செய்தியைக் கொண்டுபோகலாம், பேச்சைக் கொண்டுபோக முடியவில்லை. ஸ்தாவ்ரோஸ் வாரத்துக்கு வாரம் வாயடைத்துக்கொண்டு வந்தார். என்னிடம் விலை மட்டும் சொன்னார்.

அக்டோபரில் நவராத்திரி. முந்தின வருஷம்தான் பியர்பொன்ட்ஸில் இந்த வீட்டை வாங்கியிருந்தோம். மனைவி புத்தகப் பெட்டிகளை அடுக்கி ஐந்து படி கட்டினாள். ஊரிலிருந்து வந்த பொம்மைகளில் கால்வாசி உடைந்திருந்தன. படி நிரம்ப வேண்டுமே. வந்த பரிசு எல்லாம் ஏறிற்று. எஸ்கிமோ பொம்மை, பனிக்கரடி, குதிரைக்காரப் போலீஸ். நெவ்சாத் என் மகளுக்குக் கொடுத்திருந்த துருக்கி வீரன், தலைப்பாகையும் பெரிய மீசையும் இடுப்பில் வாளுமாக. சண்டைக்குப் பல மாதம் முன்னால் ஸ்தாவ்ரோஸ் கொடுத்த கிரேக்கப் பொம்மை ஒன்றும் இருந்தது. அதற்குக் குஞ்சம் வைத்த சிவப்புக் குல்லா, மடிப்பு மடிப்பாக வெள்ளைப் பாவாடை, வெள்ளைக் காலுறை, செருப்பில் பூப்பந்து. மழமழவென்று முகம்.

இது கிரேக்க அரண்மனைக் காவல்படையின் சீருடை, ஆண்பிள்ளைச் சிப்பாய், அந்த நாட்டுக்கே கௌரவச் சின்னம் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உதவிக்கு வந்திருந்த டாக்டர் வீட்டு மாமிக்கும் என் மனைவிக்கும் தெரிந்தது, பாவாடை கட்டியிருக்கிறது, மீசை இல்லை, ஆகவே பெண் என்பதுதான். கொலுவில் கல்யாண செட் ஒன்று இருந்தது. புரோகிதர், நாதஸ்வரம், தவில், சீர்வரிசைத் தட்டு எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் விமானத்தில் தலை போய்விட்டார்கள்.

"இந்த மீசைக்காரனும் இந்தப் பொண்ணும் உசரம் சரியா இருக்கு பாருங்க மாமி" என்று மனைவி சொல்லியிருக்கிறாள்.

"கல்யாணப் பொண்ணு இப்படி மொட்டையாவா நிக்கறது? ஒரு பொட்டு வைடி" என்று மாமி சொல்லியிருக்கிறார்.

பட்டுத் துணியில் தாவணி, பொட்டு, கழுத்தில் மஞ்சள் நூல். தீவில் படைகள் எதிரெதிரே நின்ற அந்த மாதத்தில், எங்கள் வீட்டு மூன்றாம் படியில் துருக்கி வீரனுக்கும் கிரேக்கக் காவல்படைக்கும் கெட்டிமேளம் கொட்டிக்கொண்டிருந்தது.

யாரைக் கூப்பிடுவது என்பதில் நான் மூக்கை நுழைத்துப் பார்த்தேன். "கொலுவுக்கு ஒருத்தரைக் கூப்பிட்டு ஒருத்தரை விடறதா? பக்கத்து வீட்டு நாயைத் தவிர எல்லாரையும் கூப்பிட்டாச்சு" என்றாள். கடைசியில் நெவ்சாத்தைச் சனிக்கிழமையும், ஸ்தாவ்ரோஸ் தம்பதியை ஞாயிற்றுக்கிழமையும் என்று சமாதானம் ஆயிற்று. சனிக்கிழமை வந்த நெவ்சாத் பட்டாணிச் சுண்டல் தின்றான், வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்ததில் மூன்றாம் படியைக் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொண்டைக்கடலை என்று மாமி வாயை விட்டுவிட்டார். கொண்டைக்கடலைக்காக மறுபடியும் வந்துவிட்டான்.

ஞாயிறு மாலை கதவைத் திறந்தால் ஸ்தாவ்ரோஸும் தெஸ்பீனாவும். கூடத்தில் கையில் சுண்டலோடு நெவ்சாத். யார் முகத்திலும் ஈயாடவில்லை. மனைவி ஒன்றும் தெரியாதவளாகக் குங்குமம் கொடுத்து, தெஸ்பீனாவைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கொலுவைக் காட்டினாள். முதல் படி, இரண்டாம் படி. மூன்றாவதில் தெஸ்பீனா நின்றுவிட்டார்.

"இது என்ன?"

"கல்யாணம். மாப்பிள்ளை இவரோட ஊரு. பொண்ணு உங்க ஊரு" என்று மனைவி பெருமையாக விளக்கினாள்.

ஸ்தாவ்ரோஸ் எட்டிப் பார்த்தார். தாவணியைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நெவ்சாத் வந்து பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டான். மூன்று மாதமாக வாயைத் திறக்காத மனிதர் துருக்கியில் என்னவோ சொன்னார், நெவ்சாத் பதில் சொன்னான், இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்தேன்.

தெஸ்பீனா சிரிக்கவில்லை. பொம்மையைக் கையில் எடுத்தார். தாவணியைக் கழற்றி மடித்துப் படியில் வைத்தார். மஞ்சள் நூலை எடுத்தார். கைக்குட்டையில் எச்சில் தொட்டு, குழந்தை முகத்தைத் துடைப்பது போல அந்தப் பொட்டைத் துடைத்தார்.

"என் அக்கா பையன் சைப்ரஸ்ல பட்டாளத்துல இருந்தான். ஆகஸ்டுல இருந்து ஒரு தகவலும் இல்லை" என்றார். சத்தம் போடவில்லை. பொம்மையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தார். ஸ்தாவ்ரோஸ் பின்னால் போனார்.

எங்களுக்கு அது தெரியாது. ஸ்தாவ்ரோஸ் யாரிடம் சொல்வார், எந்த மொழியில் சொல்வார். அந்த ராத்திரி மனைவி சாப்பிடவில்லை. எனக்கும் வெட்கமாக இருந்தது. அந்தப் பையன் கடைசிவரை திரும்பி வரவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அன்றிலிருந்து வீட்டிலும் கடையிலும் அந்த மொழி காதில் விழக் கூடாது என்று தெஸ்பீனா சொல்லிவிட்டாராம். ஸ்தாவ்ரோஸ் ஒப்புக்கொண்டார். அவரால் வேறென்ன செய்ய முடியும், அழுகிற மனைவியிடம் வாதாடவா முடியும். ஆனால் மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அவருடைய கடை வேன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. தோளில் ஓர் அரிசி மூட்டை. "நாங்க அரிசி கேக்கலையே" என்றாள் மனைவி. "கேட்டீங்க" என்று அவர் உறுதியாகச் சொன்னார். மூட்டையைப் பேஸ்மெண்டில் இறக்கிவிட்டு, பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "அவனுக்கு போன் பண்ணு" என்றார்.

பியர்பொன்ட்ஸ் நகரத்தின் இந்தக் கோடி. வில்லரேக் கிரேக்கர்கள் யாரும் இங்கே எட்டிப் பார்க்க மாட்டார்கள். அப்படித்தான் எங்கள் பேஸ்மெண்ட் துருக்கி பேசுகிற இடம் ஆயிற்று. நெவ்சாத் வருவான். இருவரும் கொதிகலனுக்குப் பக்கத்தில் தாவ்லாப் பலகையை விரித்து, கத்தி, சிரித்து, பாடி, சண்டை போட்டு, இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு மேலே வரும்போது ஸ்தாவ்ரோஸின் முகம் குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். சைப்ரஸ் பற்றிப் பேச மாட்டார்களா என்று ஒருமுறை கேட்டேன். "பேசுவோம். அவன் சொல்றது தப்பு. நான் சொல்றது தப்புன்னு அவன் சொல்வான். ஆனா ரெண்டு பேரும் துருக்கியிலதானே சொல்றோம்" என்றார். அமெரிக்கா துருக்கிக்கு ஆயுதம் கிடையாது என்று நிறுத்திய செய்தி வந்த வாரம், கீழேயிருந்து வந்த சத்தத்தில் என் மகள் விழித்துக்கொண்டு அழுதாள்.

ஒரே கஷ்டம் அரிசிதான். வெளியே கிளம்பச் சாக்கு வேண்டுமே, வந்தபோதெல்லாம் ஒரு மூட்டையோடு வந்தார். பேஸ்மெண்ட் அரிசி மண்டி மாதிரி ஆயிற்று. வண்டு வைத்தது. எழுபதுகளில் இந்த ஊரில் இருந்த தமிழர்கள் எல்லோரும், தெரிந்தோ தெரியாமலோ, கிரேக்க–துருக்கி உறவுக்காக அரிசி தின்றார்கள். இட்லி, தோசை, முறுக்கு என்று மனைவி எவ்வளவோ போராடினாள். "அவங்க சண்டை முடியறதுக்குள்ள எனக்கு சுகர் வந்துடும்" என்றாள்.

அவர்களைத் துருக்கியும் பிரிக்கவில்லை, கிரேக்கமும் பிரிக்கவில்லை, நாங்கள் இருந்த கியூபெக் மாகாணம் பிரித்தது. 1976இல் இங்கே தனிநாடு கேட்கிறவர்கள் தேர்தலில் ஜெயித்தார்கள், அடுத்த வருஷம் எல்லாம் பிரெஞ்சில் நடக்க வேண்டும் என்று சட்டம் வந்தது, எங்கள் நிறுவனம் பெட்டியைக் கட்டிக்கொண்டு டொராண்டோவுக்குப் போயிற்று. நான் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒட்டிக்கொண்டேன். நெவ்சாத் நிறுவனத்தோடு போனான். "என் நாட்டுல ஜெனரலுக்குப் பயந்து வந்தேன், இங்க இலக்கணத்துக்குப் பயந்து போறேன்" என்று கிளம்புகிற அன்று கிண்டல் பண்ணினான். ஸ்தாவ்ரோஸ் அவனுக்கு ஒரு டின் ஆலிவ் கொடுத்தார். கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். வேனில் ஏறி உட்கார்ந்த ஸ்தாவ்ரோஸ் வெகுநேரம் வண்டியைக் கிளப்பவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அரிசியும் நிற்கும் என்று மனைவி நிம்மதியாக இருந்தாள். இரண்டு வாரம் கழித்து வேன் வந்தது. மூட்டையை இறக்கினார். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர் நாற்காலி காலி. என்னைப் பார்த்தார். நான் போய் உட்கார்ந்தேன். ஸ்தாவ்ரோஸ் துருக்கியில் பேசத் தொடங்கினார்.

எனக்குத் துருக்கி தெரியாது. அது அவருக்கும் நன்றாகத் தெரியும். நடுநடுவே நமக்கும் தெரிந்த சொல்லாக, அசல் என்பது போல, ஆஜர் என்பது போல ஏதாவது காதில் விழும், உடனே பெரிய மேதை மாதிரித் தலையாட்டுவேன். மற்றபடி 'ம்' கொட்டினேன். அவர் நிறுத்தினால் நான் தமிழில் ஆரம்பிப்பேன். பல்கலைக்கழகத்தில் துறைத்தலைவர் படுத்துகிற பாடு, மகள் வீட்டில் பிரெஞ்சில் பதில் சொல்வது, ஊரில் அம்மாவின் கண் ஆபரேஷனுக்குப் போக முடியாதது. மனைவியிடம்கூடச் சொல்லாததை எல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்பார். சில நாள் அவர் குரல் கம்மும், அப்போது நான் கொதிகலனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு குளிர்காலம் இப்படி ஓடியது. அவ்வளவு நிம்மதியான பேச்சு எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

எழுபத்தொன்பது கடைசியில் ஸ்தாவ்ரோஸ் மாரடைப்பில் போய்விட்டார். கோயிலில் பாதிரியார் கிரேக்கத்தில் ஓதினார், கிரேக்கத்தில் புகழ்ந்தார், கிரேக்கத்திலேயே பாடி மண்ணில் வைத்தார்கள். நெவ்சாத் டொராண்டோவிலிருந்து வந்து கடைசி வரிசையில் என் பக்கத்தில் நின்றுவிட்டு, யாரிடமும் பேசாமல் பஸ் ஏறினான்.

அதற்குச் சில வாரம் கழித்து, பனி கொட்டிய ஒரு பகலில், தெஸ்பீனா தனியாக வந்தார். கறுப்பு உடை. மனைவி காபி கொடுத்தாள். குடிக்கவில்லை.

"ஒரு குடும்பம் இவ்வளவு அரிசி திங்காதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் என்னிடம். "அந்த ஆளோட பேசத்தான் வர்றார்னு தெரியும். தெரிஞ்சும் கேக்கலை. அவன் டொராண்டோ போனதும் தெரியும். அப்புறமும் ரெண்டு வருஷம் வந்தாரே. வீட்டுக்கு வரும்போது முகம் நல்லா இருக்கும். இங்க என்ன பேசினார்?"

"துருக்கியில பேசினார்."

"உங்களுக்குத் துருக்கி தெரியுமா?"

ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஊரைப் பற்றிச் சொன்னார், உங்களைப் பற்றிச் சொன்னார் என்று. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. "ஒரு வார்த்தையும் தெரியாதும்மா" என்றேன்.

"அப்போ என்ன செஞ்சீங்க?"

"உக்காந்து கேட்டேன். நடுவுல நான் தமிழ்ல ஏதாவது சொல்வேன். அவர் கேப்பார்."

"அவருக்கு அது புரியுமா?"

"புரியாது."

தெஸ்பீனா காபியைத் தள்ளி வைத்தார்.

"புரியவே வேண்டாமா?" என்றார். "சும்மா உக்காந்திருந்தா போதுமா? அதை நானே செஞ்சிருப்பேனே."

மனைவி எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தெஸ்பீனா பேஸ்மெண்டைப் பார்க்கணும் என்றார். அழைத்துப் போனேன். எந்த நாற்காலி என்று கேட்டு, அதில் உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்துக் கிரேக்கத்தில் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். நான் எதிரே உட்கார்ந்து 'ம்' கொட்டினேன். சாயங்காலம்வரை பேசினார்.

வசந்தம் வந்ததும் கடையை விற்றுவிட்டு அக்காவோடு இருக்கக் கிரேக்கத்துக்கே போய்விட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு குழந்தைகள் காப்பகம். நெவ்சாத் கல்யாணம் செய்துகொண்டு, தாத்தாவாகி, அவனும் போய்விட்டான். அவன் நாட்டில் ஜெனரல்கள் மறுபடி வந்தார்கள், மறுபடி போனார்கள், தீவு மட்டும் இன்னும் இரண்டாகவே கிடக்கிறது. இந்த வீட்டில் இன்று நல்ல தமிழில், நல்ல ஆங்கிலத்தில், நல்ல பிரெஞ்சில் என்னிடம் பேச நிறையப் பேர் வருகிறார்கள், எல்லாம் நன்றாகவே புரிகிறது. எனக்குப் புரியாத மொழியில் மனம்விட்டுப் பேச அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.